விபத்து இழப்பீட்டில் வக்கீல் ஃபீஸ்: எவ்வளவு நியாயம்?

"நஷ்டஈட்டுப் பணம் வந்தா வக்கீலுக்கு எத்தனை பர்சென்ட்?" திருச்சியில் விபத்து வழக்கு நடத்துகிற குடும்பம் ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கேள்வி உங்கள் காதிலும் விழுந்திருக்கும். இருபது என்பார் ஒருவர், இருபத்தைந்து என்பார் இன்னொருவர். பெட்ரோல் விலை மாதிரி, அன்றைய ரேட் என்ன என்று விசாரிக்கிற தொனியில் கேட்பார்கள். சட்டப்படி இதற்குப் பதில் பூஜ்யம். இந்தியாவில் ஒரு வழக்கறிஞர் பர்சென்ட் கணக்கில் ஃபீஸ் பேசவே கூடாது. ஆனாலும் எல்லாரும் பேசுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். அதன் குறிப்புகள்தான் இது.

முதலில் வழக்கு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். சஞ்சீவி நகர் சந்திப்பிலோ வேறெங்கோ அடிபட்டு, உயிர் பிழைத்து, ஆனால் கால் பழையபடி ஆகவில்லை என்றால், 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் மனு போடவேண்டும். கன்டோன்மென்ட் பக்கம் நீதிமன்ற வளாகத்தில் இதற்கான தீர்ப்பாயம் உண்டு. வக்கீல்கள் வாயில் இது 'எம்.சி.ஓ.பி. கேஸ்'. தீர்ப்பு பிடிக்காவிட்டால் அப்பீல் மதுரைக்குப் போகும் (2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை திறப்பதற்கு முன்பு சென்னைக்குப் போகவேண்டியிருந்தது). விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போடவேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. அந்தக் கெடு செல்லுமா என்பதே உச்ச நீதிமன்றத்தில் வழக்காக இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் விசிட்டிங் கார்டு கொடுக்க வருகிற ஆட்களுக்கு அது நல்ல வியாபார வசனம் ஆகிவிட்டது. "ஆறு மாசம்தான் சார் டைம், இப்பவே வக்காலத்துல கையெழுத்துப் போடுங்க."

சரி, வக்கீல் என்ன வேலை செய்கிறார்? இதைப் பார்க்காமல் ஃபீஸைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கத்துக்காரர், கல்யாண சமையலுக்குப் போகிறவர், வயது 38, மாத வருமானம் 15,000. முழங்கால் மடங்கவில்லை. மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்று சான்றிதழ் கொடுக்கிறது. 2017-இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பின்படி, 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழில்காரருக்கு வருங்கால உயர்வாக 40 சதவீதம் சேர்ப்பார்கள். ஆக மாதம் 21,000, வருஷத்துக்கு 2,52,000. அவர் வயதுக்கு 2009-இன் சரளா வர்மா தீர்ப்பு சொல்லும் பெருக்கி 15. மொத்தம் 37,80,000. அதில் 40 சதவீதம் என்றால் 15,12,000.

இங்கேதான் வக்கீலின் வேலை வருகிறது. 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ராஜ் குமார் வழக்கில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. டாக்டர் தருகிற ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பது வேறு. இடது கையை இழந்தவருக்கு மருத்துவக் கணக்கில் 60 சதவீதம் என்று வையுங்கள். அவர் டிரைவரோ தச்சரோ என்றால் சம்பாத்தியம் கிட்டத்தட்ட முழுசாகவே போய்விட்டது. அரசு அலுவலகத்தில் குமாஸ்தா என்றால் வேலை அப்படியே இருக்கலாம். நம் சமையல்காரர் நாள் முழுக்க நிற்கவேண்டும், அண்டா தூக்கவேண்டும். டாக்டரைக் கூண்டில் ஏற்றி, அவருடைய வேலை என்ன என்பதைச் சாட்சியத்தோடு நிரூபித்தால், தீர்ப்பாயம் 60 சதவீத இழப்பு என்று எடுக்க வாய்ப்பு உண்டு. அப்போது தொகை 22,68,000. வித்தியாசம் 7,56,000 ரூபாய்!

நல்ல வக்கீல் 25 சதவீதம் எடுத்தால் 5,67,000 போகும். மிச்சம் 17,01,000. அப்போதும் நம்ம ஆளுக்கு லாபம்தான். சான்றிதழை மட்டும் தாக்கல் செய்துவிட்டுச் சும்மா நின்ற வக்கீலும் அதே 25 எடுத்தால் 3,78,000 போய் 11,34,000 மிஞ்சும். இரண்டு பேருக்கும் ரேட் ஒன்று. யார் உழைத்தார், யார் வாய்தா வாங்கினார் என்பது பர்சென்டுக்குத் தெரியாது.

இன்னொரு கோணமும் உண்டு. 60 சதவீத இழப்பு என்றால் அவருக்கு மாதம் போகும் வருமானம் 12,600. வக்கீலுக்குப் போன 5,67,000 என்பது அவருடைய 45 மாத இழப்பு. மூணே முக்கால் வருஷம்.

சட்டம் என்ன சொல்கிறது? பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் நடத்தை விதிகளில் 20-ஆவது, வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக்கூடாது, கிடைக்கும் பணத்தில் பங்கும் கேட்கக்கூடாது என்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வழக்குக்குப் பணம் போட்டு லாபத்தில் பங்கு கேட்பது இந்தியாவில் தன்னளவில் சட்டவிரோதம் இல்லை என்று 1876-லேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. யாரோ ஒரு மூன்றாம் ஆள் பணம் போடலாம், வக்கீல் மட்டும் கூடாது.

இந்த விதி சும்மா ஏட்டில் கிடக்கிறது என்று நினைக்கவேண்டாம். 2017 டிசம்பர் 5 அன்று பி. சுனிதா என்ற தெலங்கானா வழக்கில் நீதிபதிகள் ஏ.கே. கோயல், யு.யு. லலித் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அது ஊன வழக்கு இல்லை, மரண வழக்கு. 1998-இல் கணவரை விபத்தில் இழந்தவர் அந்தப் பெண். இழப்பீட்டு வழக்கு நடத்திய வக்கீலுக்குப் பத்து லட்சம் ஃபீஸ் போயிருந்தது. அதற்கு மேல் மூன்று லட்சத்துக்கு 2014-இல் ஒரு செக்கில் கையெழுத்து வாங்கப்பட்டது. கணக்கில் பணம் இல்லை என்று அவர் சொல்லியும் செக் வங்கிக்குப் போய்த் திரும்பியது. உடனே 138-ஆம் பிரிவில் செக் மோசடி வழக்கு. உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்ற ஃபீஸ் பொதுக்கொள்கைக்கு விரோதம், அப்படிக் கேட்பது தொழில்முறைத் தவறு, அதற்காக வாங்கிய செக்கை வைத்து வசூலிக்க முடியாது என்றது. வக்கீல் ஃபீஸை ஒழுங்குபடுத்த ஏற்பாடு வேண்டும் என்பதையும், சட்ட ஆணையம் 1988-லேயே தன் 131-ஆவது அறிக்கையில் இதைத் தொட்டிருப்பதையும் நினைவுபடுத்தியது.

எல்லாம் சரி. ஆனால் தடையின் விளைவைப் பாருங்க. பங்கு தடை என்பதால் பங்கைப் பற்றி எழுத்தில் எதுவும் இருக்காது. எழுத்தில் இல்லாததால் எந்த நீதிபதி முன்னும் அது வராது. 'இது அதிகம்' என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. சுனிதா வழக்கு கூட, வக்கீல் செக்கை வைத்து வழக்குப் போட்டதால்தான் வெளியே வந்தது. செக் பாஸ் ஆகியிருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

அமெரிக்கா நேர் எதிராகப் போனது. அங்கே ஊனமுற்றோருக்கான சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை மறுக்கப்பட்டால், கடைசியில் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1965-க்கு முன்னால் வக்கீல்கள் நிலுவைத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூட எடுத்துக்கொண்டிருந்தார்கள். (கேட்ட கதை மாதிரி இருக்கா?) அந்த வருஷம் நாடாளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பங்கு பேசலாம், ஆனால் நிலுவையில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதுவும் நியாயமானதா என்று நீதிமன்றம் பார்த்த பிறகுதான். மீறி வாங்கினால் குற்றம். 2002-இல் கிஸ்பிரெக்ட் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 25 என்பது உச்சவரம்புதான், உரிமை இல்லை என்று விளக்கியது. முதலில் ஒப்பந்தத்தைப் பார், பிறகு நியாயத்தைப் பார். வக்கீலே வழக்கை இழுத்தடித்து நிலுவை ஏறியிருந்தால் குறை. செலவழித்த நேரத்துக்குப் பொருந்தாத அளவு பெரிய தொகை என்றால் குறை.

அரசாங்கத்தின் நிலைப்பாட்டில் போதிய நியாயம் இல்லை என்று தெரிந்தால், 1980-இன் இன்னொரு சட்டப்படி அரசே எதிர்த்தரப்பு வக்கீல் ஃபீஸைத் தரவேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு வழியிலும் பணம் வந்தால், சிறிய தொகையை வக்கீல் கட்சிக்காரரிடம் திருப்பித் தரவேண்டும். நம்ம ஊர்த் தீர்ப்பாயங்களும் தீர்ப்பின் முடிவில் செலவுத்தொகையோடு 'வழக்கறிஞர் கட்டணம் இவ்வளவு' என்று ஒரு வரி எழுதும். அதைக் கட்டவேண்டியது எதிர்த்தரப்பு, அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி. பர்சென்ட் பேசுகிறவரிடம் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்க, முகம் எப்படி மாறுகிறது என்று தெரியும்.

இதைப் படித்ததும் 'அப்ப நாமும் 25 என்று சட்டமாக்கிவிடலாமே' என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கையில் காசில்லாத குடும்பத்துக்கு, ஜெயித்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்கிற வக்கீல்தான் கிடைப்பார். எஃப்.ஐ.ஆர். நகல் எடுப்பதிலிருந்து டாக்டரைச் சாட்சிக்கு அழைப்பது வரை அவரே கைக்காசு போட்டு, வருஷக்கணக்கில் காத்திருக்கிறார். அந்த ரிஸ்குக்கு ஒரு விலை உண்டுதான்.

ஆனால் 25 என்ற எண் இரண்டு நாட்டிலும் ஒன்றில்லை. அமெரிக்காவில் 25 என்பது நிலுவையில் மட்டும். தீர்ப்புக்குப் பிறகு மாதாமாதம் வருகிற உதவித்தொகை முழுசாக அவருக்கே. நம் தீர்ப்பாயம் தருவது ஒரே தொகை. கடந்த காலம், வருங்காலம், மருத்துவம், பார்த்துக்கொள்கிற ஆளின் சம்பளம் எல்லாம் அதற்குள்ளேதான். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காஜல் என்ற சிறுமியின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பன்னிரண்டு வயதில் விபத்து, நூறு சதவீத ஊனம். உயர் நீதிமன்றம் கொடுத்த சுமார் 25.78 லட்சத்தை 62.27 லட்சமாக உயர்த்தினார்கள். அதில் 21.6 லட்சம், கவனித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும் என்பதற்காக: ஆளுக்கு மாதம் 5,000, பெருக்கி 18. இப்படிப்பட்ட தொகையில் கால் பங்கு எடுத்தால் என்ன ஆகும்? இரண்டு ஆளுக்கான காசு ஒன்றரை ஆளுக்குத்தான் வரும்.

அதனால் என் எண்ணம் இது: பங்கை அனுமதித்தாலும் அனுமதிக்காவிட்டாலும், தீர்ப்பாயம் தொகையை விடுவிப்பதற்கு முன் 'வக்கீலுக்கு எவ்வளவு பேசினீர்கள்?' என்று கட்சிக்காரரிடம் நேராக ஒரு கேள்வி கேட்கவேண்டும். மருத்துவச் செலவும் பராமரிப்புச் செலவும் எந்தக் கணக்கிலும் தொடக்கூடாதவை. வக்கீல் நிரூபித்து வாங்கித் தந்த கூடுதல் தொகையைப் பார்த்து ஃபீஸை முடிவு செய்யலாம். நம் சமையல்காரர் கணக்கில் அது அந்த 7,56,000.

அதுவரை இப்போது இருக்கிற சட்டத்திலேயே கைக்கு எட்டுவது கொஞ்சம் உண்டு. 1987-இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவு: மாற்றுத்திறனாளி என்றால் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அப்படியே. விபத்தில் ஊனமானவர் அந்த ஊனத்தாலேயே இதற்குத் தகுதியாகிறார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். தனி வக்கீல்தான் வேண்டும் என்றால் ஒரு தொகையாக ஃபீஸ் பேசி எழுதி வாங்குங்க. பேசாமல் விட்டிருந்தால், பார் கவுன்சில் விதி 29-இன்படி நீதிமன்ற விதிகள் சொல்லும் கட்டணத்தைத்தான் அவர் பிடித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திருப்பித் தரவேண்டும். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைத் தராமல் வைத்துக்கொள்ளவும் முடியாது. 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. புகார் என்றால் தமிழ்நாடு–புதுச்சேரி பார் கவுன்சில், வழக்கறிஞர் சட்டம் 35-ஆம் பிரிவு.

இப்போது ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2025 மார்ச்சில் பர்மிந்தர் சிங் வழக்கில், இழப்பீட்டை நேராகப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பும் முறைக்கு உச்ச நீதிமன்றம் வழி சொன்னது. ஏப்ரலில் இன்னொரு உத்தரவில் வங்கி விவரங்களை மனுவிலேயே வாங்கிக்கொள்ளச் சொன்னது. பணம் வேறு கை மாறாமல் வரும், நல்லதுதான். ஆனால் பங்கு எடுக்க நினைப்பவர் இனி முன்கூட்டியே பிடிமானம் தேடுவார். அது பெரும்பாலும் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு செக்காக இருக்கும், சுனிதாவிடம் வாங்கியது போல. வக்காலத்தோடு சேர்த்து செக் புத்தகமும் கேட்டால், அங்கேயே அந்த 2017 தீர்ப்பின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.