உதவிக் கை

கைக்கு வைத்தியம் என்பது நம் வடசென்னைக்குப் புதிதன்று. தொழிற்சாலை இயந்திரங்களில் சிக்கி நசுங்கிய கைகளைச் சீராக்குவதற்கென்றே 1970-களில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி தனிப் பிரிவு ஒன்றை வளர்த்தார். நாம் இங்கு எழுதுவதோ ஒரு கீறல்கூட இல்லாத கையைப் பற்றி. எலும்பும் தோலும் நன்றாகவே இருக்கும். ஆயினும் குழந்தை அந்தக் கையை நீட்டாது.

பக்கவாதம் முதியோர் நோய் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். கருவிலோ பிறக்கும் வேளையிலோ மூளையின் ஒரு பாதியில் இரத்தக் குழாய் அடைபட்டால், அல்லது இரத்தம் கசிந்தால், பச்சிளங் குழந்தைக்கும் அது வரும். பின்னாளில் மூளைக்காய்ச்சலாலும் விபத்தாலும் வருவதுண்டு. மூளையின் இடப்பாதி வலக்கையையும் வலப்பாதி இடக்கையையும் ஆள்வதால் பாதிப்பு எதிர்ப்பக்கத்தில் தெரியும். ஒரு வயது நிரம்பும் முன்பே குழந்தை ஒரே கையால் பொம்மையை எட்டிப் பிடித்து, மற்றொன்றை எப்போதும் மூடியே வைத்திருந்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த வயதில் வலக்கைப் பழக்கமோ இடக்கைப் பழக்கமோ நிலைபெறுவதில்லை.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாதிக்கப்பட்டது வலக்கையானால், இடக்கையால் சோறு எடுக்கும் குழந்தை பாட்டியிடம் வசவு வாங்கும். பாதிக்கப்பட்டது இடக்கையானால், சோற்றுக் கை நன்றாயிருப்பதால் யாரும் கவனிப்பதேயில்லை! திட்டுவதால் நரம்பு விழித்துக்கொள்ளாது என்பதைப் பெரியவர்களுக்குப் பணிவுடன் சொல்லி வைப்போம்.

கை ஏன் சும்மா கிடக்கிறது? அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் டாப், குரங்குகளின் ஒரு கையில் உணர்ச்சி நரம்புகளைத் துண்டித்து ஆராய்ந்தார். (அக்குரங்குகளை வைத்திருந்த விதம் பற்றி 1981-இல் வழக்கே எழுந்தது.) குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவில்லை, நல்ல கையைக் கட்டிவிட்டதும் பயன்படுத்தியது! முயன்று முயன்று தோற்றதால் கையை மறக்கவே அது கற்றுக்கொண்டிருந்தது. பிறவியிலேயே பக்கவாதம் உள்ள குழந்தையோ அந்தக் கையின் பயனை அறிந்ததே இல்லை.

இதிலிருந்து பிறந்ததே நல்ல கைக்கு உறையோ தூளியோ மாட்டி, மெலிந்த கையை விளையாட்டில் ஈடுபடுத்தும் பயிற்சி. நாள்தோறும் சில மணி நேரம், சில வாரங்கள். சும்மா கட்டிப்போட்டால் பயனில்லை, அழுகைதான் மிஞ்சும். நல்ல கையும் வளர வேண்டிய கையாதலால், சிகிச்சையாளரின் மேற்பார்வையின்றி எவரும் கட்டக் கூடாது. நியூயார்க்கில் ஆண்ட்ரூ கோர்டன் குழுவினர் எந்தக் கையையும் கட்டாமல், இரு கையும் வேண்டிய விளையாட்டுகளை மட்டுமே கொடுத்துப் பார்த்தனர். பயிற்சி நேரம் சமமாக இருந்தால் பலனும் ஏறக்குறைய சமமே என்று தெரிந்தது. ஆகவே நேரமே மருந்து, கட்டு அன்று.

மெலிந்த கை எழுதும் கையாக மாறிவிடும் என்று ஆசை காட்டுவது தவறு. மற்றக் கை எழுதும்போது தாளைப் பிடித்துக்கொள்ளும் உதவிக் கையாக அது ஆனாலே பெரிய பேறு. சுவீடனில் இக்குழந்தைகளை அளக்கும் சோதனைக்கே 'உதவும் கை' என்றுதான் பெயர். விளையாடவிட்டு, அந்தக் கை எவ்வளவு நன்றாகத் தானாகத் துணைக்கு வருகிறது என்று பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகச் சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் கோட்டூர்புரத்தில் உள்ளது. அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் கே.கே. நகரில் உள்ளது. சடையங்குப்பத்துத் தாய் ஒருத்தி குழந்தையை இடுப்பில் சுமந்து இரண்டு மூன்று பேருந்து மாறிப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். பூண்டி ஏரி திறந்து கொசஸ்தலை ஆறு பெருகும் நாட்களில் ஊரைவிட்டு வெளியேறுவதே பாடு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதியலாம். அவர் காட்டித்தரும் பயிற்சியை மற்ற நாட்களில் செய்ய வேண்டியவர்கள் வீட்டாரே. இறால் உரிப்பது, பட்டாணி உடைப்பது, பூத் தொடுக்க நார் பிடிப்பது, சப்பாத்தி தேய்ப்பது, சட்டைப் பொத்தான் மாட்டுவது ஆகிய இவை எல்லாம் இரண்டு கை கேட்கும் வேலைகள்.

வகுப்பில் அப்படியொரு தோழி இருந்தால், அவளுடைய டிபன் டப்பாவை நாமே திறந்துவிடத் துடிக்கிறோம். சற்றுப் பொறுத்திருப்போம். மெலிந்த கையால் டப்பாவை அழுத்திக்கொண்டு மற்றதால் மூடியைத் திருக அவளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். மதிய இடைவேளையில் அதற்கு நேரம் இருக்கிறது.