குழுக் கணக்கும் விரிதாளும்

பலர் ஒன்றுகூடிப் பணம் சேர்க்குமிடத்து, அப்பணத்தினும் மதிப்பு வாய்ந்த ஒன்று உடன் சேர்கிறது. அதுவே ஒருவர் மீது ஒருவர் கொள்ளும் நம்பிக்கை. அந்நம்பிக்கையைக் காத்து நிற்பது கணக்கு. 1989-ஆம் ஆண்டில், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், இன்று நம் மாநிலமெங்கும் பரவி நிற்கின்றன. சேமிப்பு, கடன், வட்டி, தவணை என இக்குழுக்களின் ஏடுகளில் இடம்பெறும் எண்கள் பல. இக்கணக்குகளை எழுதக் கணிப்பொறியும் இப்போது துணைக்கு வருகிறது. அதில் கணக்கெழுத உதவும் ‘விரிதாள்’ எவ்வாறு வேலை செய்கிறது, அதனைக் கையாளுவோர் எவ்வெவ்விடங்களில் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பவற்றை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

விரிதாள் தோன்றிய வகை

1978-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் டான் பிரிக்ளின் என்பவர் மாணவராயிருந்தார். கரும்பலகையில் எழுதிய கணக்கு அட்டவணையில் ஓர் எண் மாறினால், அதனைச் சார்ந்த எண்கள் யாவற்றையும் அழித்து மீண்டும் எழுதவேண்டியிருந்தது. ஓர் எண்ணை மாற்றியதும் ஏனையவை தாமாகவே மாறும் பலகை ஒன்று இருந்தால் எத்துணை நலமாயிருக்கும் என்று அவர் எண்ணினார். பாப் பிராங்ஸ்டன் என்னும் நண்பருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘விசிகால்க்’ 1979-இல் ஆப்பிள் கணிப்பொறிக்கென வெளிவந்தது. பின்னர் 1983-இல் ‘லோட்டஸ் 1-2-3’ என்பதும், 1985-இல் ‘எக்செல்’ என்பதும் தோன்றின. விலையின்றிப் பெறக்கூடிய ‘லிப்ரே ஆபீஸ்’ என்னும் தொகுப்பு 2010-இல் தொடங்கப்பெற்றது. அதிலும் ‘கால்க்’ என்ற விரிதாள் உண்டு. ஆதலின், பணம் கொடுத்து மென்பொருள் வாங்க இயலாத குழுவும் இவ்வசதியைப் பெறலாம்.

வேலை செய்யும் முறை

விரிதாள் என்பது கட்டம் கட்டமாகக் கோடிட்ட பெரியதொரு தாள். நெடுவரிசைகளுக்கு ஏ, பி, சி என எழுத்துக்களும், கிடைவரிசைகளுக்கு 1, 2, 3 என எண்களும் பெயராகும். பி நெடுவரிசையில் இரண்டாவது கட்டம் ‘பி 2’. ஒரு கட்டத்தில் பெயரையோ எண்ணையோ எழுதலாம், சூத்திரத்தையும் எழுதலாம். ‘இன்ன கட்டத்திலிருந்து இன்ன கட்டம் வரை கூட்டுக’ என்ற கட்டளையே சூத்திரம்.

பதினைந்து உறுப்பினர் கொண்ட குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மாதம் 100 ரூபாய் சேமிக்கின்றனர். பெயர்களை ஏ வரிசையிலும், தொகைகளைப் பி 2 முதல் பி 16 வரையிலும் எழுதுகிறோம். தாளின் ஓரத்தில் வேறொரு கட்டத்தில் கூட்டல் சூத்திரத்தை அமைத்தால், 1,500 என்ற மொத்தம் உடனே தோன்றும். ஒருவர் 200 ரூபாய் செலுத்தினார் என்று திருத்தினால், மொத்தம் 1,600 ஆகிவிடும். நாம் மீண்டும் கூட்டவேண்டிய தொல்லை இல்லை.

பிழை புகும் வழிகள்

இனி நாம் கூறப்போவதே முதன்மையானது. பதினாறாவதாக ஒருவர் குழுவில் சேருகிறார். அவர் பெயரையும் 100 ரூபாயையும் பதினேழாம் வரிசையில் எழுதுகிறோம். சூத்திரமோ பி 16-உடன் நின்றுவிடுகிறது. பெட்டியில் 1,600 ரூபாய் இருக்க, தாள் 1,500 என்றே காட்டும். தாளை நம்பி அத்தொகையையே வங்கியில் செலுத்தி வந்தால், ஓராண்டில் 1,200 ரூபாய் கணக்கிற்கு வெளியே நின்றுவிடும். ‘என் சேமிப்பு எங்கே?’ என்று அவ்வம்மையார் கேட்கும் நாளில், நேர்மை மிக்க ஊக்குநரும் விடை கூற இயலாது தலைகுனிய நேரும்.

இரண்டாவது, தொகையை ‘100 ரூ’ என்று எழுதுதல். கணிப்பொறி அதனை எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகக் கொண்டு, கூட்டலில் விட்டுவிடும். எண்ணை மட்டுமே எழுதி, ‘ரூபாய்’ என்பதைத் தலைப்பில் குறித்தல் நன்று.

மூன்றாவது, வட்டிக் கணக்கில் நேர்வது. வட்டி வீதத்தை எஃப் 1 என்னும் ஒரு கட்டத்தில் எழுதி, கடனை அதனால் பெருக்குகிறோம். மாதம் நூற்றுக்கு ஒன்று வீதம் 5,000 ரூபாய்க்கு வட்டி 50 ரூபாய். அச்சூத்திரத்தை அடுத்த வரிசைக்குப் படியெடுத்தால், எஃப் 1 என்பது எஃப் 2 என மாறிவிடும். அக்கட்டம் வெறுமையாயின் வட்டி சுன்னமாகும். டாலர் குறியிட்டு அக்கட்டத்தை நிலைநிறுத்துவதே இதற்கு மருந்து.

இவற்றைக் கல்லாதார் செய்யும் பிழையென்று கருதவேண்டா. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளரின் விவரம் அன்றாட எண்ணிக்கையில் விடுபட்டது. 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாத பழைய கோப்பு வகையைப் பயன்படுத்தியதே காரணம். அவர்களுடன் பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி அதனால் தாமதமாயிற்று. பெரிய அரசு அலுவலகத்திலும் நிகழ்வது சிற்றூரில் நிகழாதென்பதற்கு உறுதி இல்லை.

செய்யவேண்டுவன

கணிப்பொறி கூட்டலில் தவறுவதில்லை. எதைக் கூட்டச் சொன்னோம் என்பதிலேயே தவறு நேர்கிறது. எனவே, மாதந்தோறும் பெட்டியிலுள்ள பணத்தை எண்ணித் தாளின் மொத்தத்துடன் ஒப்பிடுக. உறுப்பினர் தொகையையும் தனியே எண்ணிப் பார்க்க. ஒருவர் எழுதியதை மற்றொருவர் கூட்டத்தில் உரக்கப் படிக்க, ஒவ்வொருவரும் தத்தம் தொகையைச் சரிபார்க்கட்டும். சூத்திரமுள்ள கட்டங்களைப் பிறர் மாற்றாவண்ணம் பூட்டிவைக்கலாம். கோப்பின் படி ஒன்றை வேறிடத்தில் பாதுகாக்க. அச்சிட்ட தாளில் கையொப்பம் பெற்று ஏட்டில் ஒட்டிவைத்தல் மிக நன்று.

கூட்டல் கழித்தலில் செலவாகும் நேரத்தை விரிதாள் மிச்சப்படுத்துகிறது. அவ்வாறு மிஞ்சும் நேரத்தில் ஒரு பகுதியைச் சரிபார்த்தலுக்கு ஒதுக்கினால், கணக்கும் நிலைக்கும், குழுவின் ஒற்றுமையும் நிலைக்கும். அடுத்த கூட்டத்திலேயே, பதினேழாம் வரிசை கூட்டலில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துத் தொடங்குவோமாக.