வரிக்குதிரைப் பிளெக்கோ

வரிக்குதிரைப் பிளெக்கோ (விலங்கியல் பெயர்: ஹைப்பான்சிஸ்ட்ரஸ் ஸீப்ரா) என்பது பிரேசில் நாட்டின் பாரா மாநிலத்தில் பாயும் சிங்கு ஆற்றில் மட்டும் காணப்படும் ஒரு சிறிய கெளுத்தி மீன் ஆகும். உடலைச் செதில்களுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் மூடியுள்ள லோரிக்காரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இஸ்புரூக்கர், நைசன் ஆகிய இருவரும் 1991 ஆம் ஆண்டில் இவ்வினத்தை அறிவியல் முறைப்படி விவரித்தனர். பிரேசில் அரசு இதனை மிக அருகிய இனமாக வகைப்படுத்தியுள்ளது.

தோற்றமும் வாழிடமும்

வெண்ணிற உடலில் கரும்பட்டைகள் கொண்ட இம்மீன் ஏறத்தாழ 8 செ.மீ. நீளம் வரை வளரும். அல்ட்டமீரா நகருக்குக் கீழே ஆறு பெரிதாக வளைந்து செல்லும் 'வோல்ட்டா கிராண்டே' பகுதியே இதன் வாழிடம். பகலில் பாறை இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் இரை தேடும். பெண் மீன் ஒரு முறைக்கு ஏறத்தாழ 10 முதல் 15 முட்டைகளே இடுகிறது. அவற்றை ஆண் மீன் பாறைப் பொந்தில் காக்கிறது. இனப்பெருக்கம் இவ்வாறு குறைவாக இருப்பதால், எண்ணிக்கை ஒரு முறை குறைந்தால் மீள்வதற்கு நெடுங்காலமாகும்.

அச்சுறுத்தல்கள்

பெலோ மோன்ட்டே அணை

11,233 மெகாவாட் திறன் கொண்ட பெலோ மோன்ட்டே நீர்மின் திட்டத்தின் கட்டுமானம் 2011 இல் தொடங்கியது. 2016 இல் மின்னுற்பத்தி தொடங்கி, 2019 இல் திட்டம் நிறைவுற்றது. பிமென்ட்டால் என்னுமிடத்தில் தடுக்கப்படும் ஆற்றுநீரின் பெரும்பகுதி, கால்வாய் வழியாக மின்நிலையத்திற்குத் திருப்பப்படுகிறது. இதனால் ஏறத்தாழ 100 கி.மீ. நீளமுள்ள வளைவில் நீரோட்டம் பெரிதும் குறைந்துவிட்டது.

பாறை இடுக்குகளில் படியும் வண்டலை அடித்துச் செல்வது பருவகால வெள்ளமே. ஓட்டம் தளர்ந்தால் வண்டல் தங்கி, ஒளியவும் முட்டையிடவும் ஏற்ற பொந்துகள் அடைபடுகின்றன. ஆழம் குறைந்த நீர் வெயிலில் விரைவில் சூடேறுகிறது. அதில் கரையும் ஆக்சிசனும் குறைகிறது. அணைக்கு மேலே நிலை வேறு. அங்கு விரைந்தோடிய ஆறு நீர்த்தேக்கமாக மாறியுள்ளது. ஆகவே மேற்புறமும் இம்மீனுக்கு மாற்று வாழிடமாக அமையவில்லை.

கடத்தல்

இதன் அழகிய வரிகளால் மீன்தொட்டி வளர்ப்பாளரிடையே இம்மீனுக்கு அதிக விலை கிடைக்கிறது. 2004 இல் பிரேசில் இதனை அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்து, பிடிப்பதையும் ஏற்றுமதி செய்வதையும் தடை செய்தது. அதன் பின்னரும் அண்டை நாடுகள் வழியாகக் கடத்தல் தொடர்ந்தது. கடத்தப்படும் மீன்களில் பல வழியிலேயே இறந்துவிடுகின்றன.

பாதுகாப்பு

பிரேசிலின் வேண்டுகோளின்படி, அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மூன்றாம் பின்னிணைப்பில் இவ்வினம் 2017 முதல் சேர்க்கப்பட்டது. பனாமாவில் 2022 இல் நடந்த மாநாட்டில் கட்டுப்பாடு மேலும் கடுமையாக்கப்பட்டது.

தொட்டிகளில் இம்மீனை இனப்பெருக்கம் செய்ய இயலும். பல நாடுகளில் வளர்ப்பாளர்கள் இதனைச் செய்து வருகின்றனர். இது காட்டு மீன்களைப் பிடிக்கும் தேவையைக் குறைக்கக் கூடியது. ஆயினும் தொட்டியில் பிறந்த மீன்களை ஆற்றில் விட வேண்டுமானால், அவை வாழத்தக்க பாறைகளும் விரைந்த நீரோட்டமும் அங்கு எஞ்சியிருத்தல் வேண்டும். எனவே வோல்ட்டா கிராண்டேவுக்குத் திறந்துவிடப்படும் நீரின் அளவே இவ்வினத்தின் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிக்கும். அதே நீரை நம்பி மீன்பிடித்து வாழும் ஜூருனா, அராரா பழங்குடி மக்களுக்கும் இது பொருந்தும்.