தங்கூஸ் நரம்பில் ஒரு கை

உட்காருங்கள், டீ சொல்லியாகிவிட்டது. அது வருவதற்குள் பக்கத்து ஜூஸ் கடையில் ஒரு காகித ஸ்ட்ராவும், பொட்டலம் கட்டும் நூலில் ஒரு முழமும் வாங்கி வைத்துக்கொள்வோம். மலிவு விலையில் செயற்கைக் கை செய்கிறார்களாமே, அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல இந்த இரண்டும் போதும்.

ஸ்ட்ராவின் ஒரு பக்கத்தில் மட்டும், விரல் கணுக்கள் இருக்கும் இடைவெளியில், ஆப்பு வடிவில் மூன்று வெட்டுப் போடுங்கள். நூலை உள்ளே விட்டு நுனியில் கட்டுங்கள். அடியிலிருந்து இழுத்தால் வெட்டிய பக்கமாக ஸ்ட்ரா மடங்குகிறது. நூலை விட்டால் ஒழுங்காக நிமிரவில்லை, பார்த்தீர்களா? முதுகுப் பக்கம் ஒரு ரப்பர் பேண்டை ஒட்டினால் நிமிர்ந்துவிடும். மடக்க ஒரு நூல், நிமிர்த்த ஒரு ரப்பர். அந்தக் கையின் அடிப்படை இதுதான்.

நம் விரலும் கிட்டத்தட்ட இப்படித்தான். வலது முன்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையை இறுக்கி மூடிப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே ஏதோ திரள்கிறதல்லவா? விரலை மடக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. விரலுக்குள் தசை கிடையாது. முன்கையில் இருக்கும் தசை இழுக்க, மணிக்கட்டு வழியாக ஓடும் தசைநாண் விரலை மடக்குகிறது. பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் நிற்பது மாதிரி. ஆகவே விரல் இல்லாத ஒருவருக்கு, வேறு எங்கேயாவது மிச்சமிருக்கும் அசைவைக் கொண்டு ஒரு நூலை இழுக்க வைத்தால் போதும்.

இதை இருவர் சேர்ந்து செய்துபார்த்த கதையைக் கேளுங்கள்.

2011-இல் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கில் ரிச்சர்ட் வான் ஆஸ் என்ற தச்சர், அறுவை மிஷினில் வலது கை விரல்கள் சிலவற்றை இழந்தார். கையே பிழைப்பாக இருந்த மனிதர். செயற்கை விரலுக்கு விலை விசாரித்தால் ஆயிரக்கணக்கான டாலர் என்றார்கள். தானே செய்துகொள்வோம் என்று தேட ஆரம்பித்தார். அப்போது ஒரு வீடியோ கண்ணில் பட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் என்ற ஊர்க்காரர் ஐவன் ஓவன், வேடம் போட்டுக்கொண்டு கூடும் ரசிகர் விழா ஒன்றுக்காக ராட்சத இயந்திரக் கை ஒன்றைச் செய்திருந்தார். அவர் விரலை அசைத்தால் அதன் நீண்ட உலோக விரல்களும் அசையும். விளையாட்டுக்குச் செய்த சாமான்தான். தச்சருக்கு அதில் தன் விரல் தெரிந்தது.

இருவருக்கும் இடையே சுமார் 16,000 கிலோமீட்டர். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்கும் தூரம். இணையத்தில் பேசிப் பேசி, பாகங்களை வரைந்து அனுப்பி, திருத்தி, ஏறக்குறைய ஓராண்டு உழைத்தார்கள். இந்தச் செய்தி பரவி, விரல்கள் இல்லாத கையோடு பிறந்த ஐந்து வயதுச் சிறுவனின் தாய் அவர்களைத் தேடிவந்தார். 2012 நவம்பரில் ஓவன் ஜோஹன்னஸ்பர்க்குக்கே போனார். உலோகத் துண்டுகளையும் கயிற்றையும் கொண்டு சிறுவனுக்கு ஒரு கையைச் செய்தார்கள்.

தேடுகிற காலத்தில் ஓவனுக்கு ஒரு பழைய சங்கதி கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர், பீரங்கி விபத்தில் விரல் இழந்த கார்ப்பரல் கோல்ஸ் என்ற சிப்பாய்க்குத் திமிங்கில எலும்பில் ஒரு கை செய்து கொடுத்திருக்கிறார். உள்ளே சிறு கப்பிகள், இழுப்பதற்கு நரம்புக் கயிறு. நம் கையிலிருக்கும் ஸ்ட்ராவும் நூலும்தான், திமிங்கில எலும்பில்.

இதோ டீ வந்துவிட்டது. டம்ளரை விளிம்பில் பிடியுங்கள், கொதிக்கிறது.

இப்போது மணிக்கட்டுக்கு வருவோம். இந்த வகைக் கையில் மூன்று பகுதிகள்: முன்கையில் கட்டும் உறை, உள்ளங்கை, விரல்கள். உறையும் உள்ளங்கையும் மணிக்கட்டின் இரு பக்கத்திலும் கீல் வைத்துச் சேரும். விரலுக்கு ஒன்றாக ஓடும் கயிறு மணிக்கட்டின் முதுகுப் பக்கமாகச் சென்று உறையில் முடிகிறது. மணிக்கட்டைக் கீழே மடக்கினால் கயிறு இழுபடும், விரல்கள் மூடும். நேராக்கினால் எலாஸ்டிக் அவற்றைத் திறந்துவிடும். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. மடங்கக்கூடிய மணிக்கட்டும் கொஞ்சம் உள்ளங்கையும் மிஞ்சியிருப்பவர்களுக்கு மட்டுமே இது உதவும். மணிக்கட்டு இல்லாதவர்களுக்கு முழங்கை அசைவால் இழுக்கும் வடிவங்கள் பின்னால் வந்தன.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நாம் ஒன்றை இறுக்கிப் பிடிக்கும்போது நம் மணிக்கட்டு கொஞ்சம் பின்னால் சாயும், பிடி வலுப்பதே அதனால்தான். இந்தக் கையிலோ பிடிக்க வேண்டுமானால் மணிக்கட்டைக் கீழே மடக்கி, அப்படியே வைத்திருக்க வேண்டும். அந்த நிலையில் டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். சட்டையெல்லாம் டீயாகிவிடும். பந்தை எடுக்கலாம், சைக்கிள் கைப்பிடியைப் பற்றலாம், இன்னொரு கை வேலை செய்யும்போது பொருளை நகராமல் பிடித்துக்கொள்ளலாம். டம்ளருக்கு இது அவ்வளவு தோதான கை இல்லை.

சரி, 3டி பிரிண்டர் எங்கே வந்தது? உலோகத்தில் ஒவ்வொரு பாகத்தையும் அறுத்து, ராவி, துளையிட நாள்கணக்கில் ஆகும். அளவு ஒரு மில்லிமீட்டர் பிசகினால் மறுபடி முதலிலிருந்து. இந்த நிலையில் பிரிண்டர் தயாரிக்கும் மேக்கர்பாட் நிறுவனம் ஆளுக்கொன்றாக இரண்டு இயந்திரங்களை அன்பளிப்பாகத் தந்தது. பிளாஸ்டிக் இழையை உருக்கி, ஜிலேபி பிழிவது போல அடுக்கடுக்காகப் பிழிந்து பாகத்தை வளர்க்கும் பெட்டி அது. பெல்லிங்ஹாமில் கணினியில் திருத்திய விரல், சில மணி நேரத்தில் ஜோஹன்னஸ்பர்க் மேசையில் கிடந்தது. 2013 ஜனவரியில் அந்த வடிவத்தை, யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார்கள். அதற்கு ரோபோஹேண்ட் என்று பெயர்.

அதே ஆண்டு, அமெரிக்காவின் ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆய்வாளராக இருந்த ஜான் ஷல் ஓர் எளிய காரியம் செய்தார். ஓர் உலக வரைபடத்தைத் திறந்துவைத்து, பிரிண்டர் வைத்திருப்பவர்களும் கை தேவைப்படுபவர்களும் தங்கள் இடத்தைக் குறிக்கச் சொன்னார். ஈ-நேபிள் என்ற தன்னார்வலர் கூட்டம் அப்படித்தான் தொடங்கியது. ஆசிரியர்கள், பொறியாளர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலர் வந்து சேர்ந்தார்கள்.

கை மெருகேறியது இவர்களால்தான். எப்படி என்பதற்குச் சில உதாரணங்கள் சொல்கிறேன், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

முதல் சிக்கல் அளவு. ஆறு வயதுக் கையைக் கணினியில் 120 சதவீத அளவுக்குப் பெரிதாக்கினால் பெரிய பிள்ளையின் கை வந்துவிடும் என்றுதானே நினைப்போம்? பெரிதாக்கும்போது ஆணி போகும் துளையும் பெரிதாகிவிடும். கடையில் வாங்கிய திருகாணி வளராதே, தொளதொளவென்று ஆடும். 2014-இல் வந்த ராப்டர் கையில் ஆணியையும் பிளாஸ்டிக்கிலேயே அச்சிட்டார்கள். கை வளர்ந்தால் ஆணியும் கூடவே வளரும்.

அடுத்தது உடைப்பு. தச்சரிடம் கேட்டால் சொல்வார்: மரத்தை நார் ஓடும் போக்கில் அறுத்தால் உறுதி, குறுக்கே போனால் முறியும். பிழிந்த பிளாஸ்டிக்குக்கும் அடுக்கு என்ற போக்கு உண்டு. விரலை நிறுத்திவைத்து அச்சிட்டால் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். படுக்கவைத்து அச்சிட்டால் இழை விரலின் நீளவாக்கில் ஓடித் தாங்கும்.

கயிறாகப் பெரும்பாலும் மீன் பிடிக்கும் தங்கூஸ் நரம்பு மாதிரியான உறுதியான இழை. ஐந்து விரலும் ஒரே நேரத்தில் மூட வேண்டுமென்றால் ஐந்து நரம்பின் இழுப்பும் ஒத்திருக்க வேண்டும். உறையின் மேல் ஒரு சிறு பெட்டி வைத்து, ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு திருகு. வீணையில் பிரடையை முறுக்கிச் சுருதி சேர்ப்பது போலத் திருகித் திருகி விரல்களைச் சேர்க்கலாம்.

பிளாஸ்டிக் விரல் வழுக்கும். அதற்கு யாரோ ஒருவர், நோட்டு எண்ணுகிறவர்கள் விரலில் மாட்டும் ரப்பர் உறையை எடுத்துச் செயற்கை விரலுக்கு மாட்டினார். இன்றும் அதுதான் வழக்கம்.

இன்னொன்று, சுட்டுவிரல் முதலில் பந்தைத் தொட்டு நின்றுவிட்டால், எல்லா நரம்பும் ஒரே கட்டையில் கட்டியிருக்கும்போது மற்ற விரல்களும் பாதியில் நின்றுவிடும். சில வடிவங்களில் இதற்கு நுகத்தடியைக் கொண்டுவந்தார்கள். ஒரு மாடு நின்றால் நுகத்தடி சாய்ந்து, அடுத்த மாடு கொஞ்சம் முன்னே போகிறதல்லவா? அதுபோல ஒரு சிறு குறுக்குக் கட்டை சாய்ந்துகொடுக்க, நின்ற விரல் நிற்கும், மற்றவை பொருளைச் சுற்றி மூடும்.

உங்கள் டம்ளரின் சூட்டுக்கு இப்போது வேலை வந்துவிட்டது. இந்தக் கைக்கு அதிகம் பயன்படும் பிளாஸ்டிக்கின் பெயர் பிஎல்ஏ. சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் கை வளைந்துவிடும். ஆனால் இதே குணத்தைத்தான் செய்பவர்கள் சாதகமாக்கிக்கொண்டார்கள். முன்கை உறையைத் தட்டையாக அச்சிட்டு, சுடுதண்ணீரில் முக்கி, அப்பளம் நமர்த்துப்போன மாதிரி ஆனதும் வளைத்துக் கையின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆலையும் அச்சும் தேவைப்பட்ட வேலை அடுப்பங்கரையில் முடிகிறது.

விலை என்ன என்கிறீர்களா? அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ஹோர்ஹே சூனிகா குழுவினர் குழந்தைகளுக்காக உருவாக்கிய சைபோர்க் பீஸ்ட் என்ற கைக்கு மூலப்பொருள் செலவு சுமார் 50 டாலர் என்று 2015-இல் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். உடலசைவால் இயங்கும் வழக்கமான செயற்கைக் கை அங்கே 4,000 முதல் 10,000 டாலர், மின்சாரத்தில் இயங்குவது 25,000 முதல் 50,000 டாலர் என்ற கணக்கையும் அதிலேயே கொடுத்திருந்தார்கள்.

இந்த இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மலைப்பது சுலபம். ஆனால் கணக்கு அவ்வளவு நேரானது இல்லை. பெரிய விலைக்குள் பயிற்சி பெற்ற நிபுணர் அளவெடுப்பதும், தோல் புண்ணாகாமல் பொருத்துவதும், பிறகு வரவழைத்துப் பார்ப்பதும் இருக்கின்றன. 50 டாலருக்குள் பிளாஸ்டிக்கும் நரம்பும் வெல்க்ரோவும்தான். யாரோ ஒருவருடைய இரண்டு மூன்று மாலைப்பொழுதுகள் கணக்கில் வராமலே போகின்றன. உறை அழுத்திச் சிவந்தால் யார் பார்ப்பது? இதைப் பேசத்தான் 2014 செப்டம்பரில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பிரிண்டர்காரர்களும் செயற்கை உறுப்பு வல்லுநர்களும் ஒன்றாகக் கூடினார்கள்.

நம் நாட்டிலேயே இதற்கு முன்னோடி உண்டு. 1968-இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் ஜெய்ப்பூர் கால். பட்டறையும் ஆஸ்பத்திரியும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் வந்தது அது. கால் தாங்கினால், நடந்தால் போதும். கை அப்படியில்லை. பொத்தான் போட ஒரு பிடி, பேனாவுக்கு ஒரு பிடி, வாளிக்கு ஒரு பிடி. எல்லாவற்றுக்கும் ஒரே செயற்கைக் கை இதுவரை வரவில்லை. 1912-இல் டேவிட் டோரன்ஸ் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற பிளவுக் கொக்கி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அவரும் மர அறுவை ஆலையில் கையை இழந்தவர்தான். பார்க்கக் கை மாதிரி இருக்காது, ஆனால் பிளாஸ்டிக் விரல்களைவிட உறுதியாகப் பிடிக்கும்.

அப்படியானால் அந்த 50 டாலர் கை எதற்கு என்று கேட்பீர்கள். குழந்தையை நினைத்துப் பாருங்கள். பள்ளிச் சீருடையே வருடா வருடம் சிறுத்துப்போகிறது. 10,000 டாலர் கையும் அப்படித்தான் சிறுத்துப்போகும். அதனால் வளர்ந்து முடிக்கட்டும் என்று காத்திருக்கும் பெற்றோர் உண்டு. 50 டாலர் கை சிறுத்தால் 120 சதவீதத்தில் இன்னொன்று. மரத்திலிருந்து விழுந்து விரல் முறிந்தால் அந்த ஒரு விரல் மட்டும். கறுப்பு பிடிக்கவில்லை, சிவப்பும் நீலமும் வேண்டும் என்றால் இழையை மாற்றினால் ஆயிற்று. நாலு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, இது இல்லாமலே நான் நன்றாகச் செய்கிறேன் என்று கழற்றி வைக்கவும் அந்தப் பிள்ளையால் முடியும். அதனால் வீட்டில் யாருக்கும் கடன் நிற்காது. விலை உயர்ந்த பொருளிடம் இப்படிப் பேச முடியாது. வாங்கிய பாவத்துக்கு மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

செய்கிறவர்களுக்கும் இதே சலுகைதான். தப்பாகச் செய்துபார்க்க அவர்களால் கட்டுப்படியாகும். ஆணி ஆடியது, விரல் முறிந்தது, பிடி வழுக்கியது என்று ஒவ்வொரு தப்பும் ஒரு திருத்தமாக அடுத்தவர் கைக்குப் போனது. கையை மாட்டுகிற பிள்ளை, இதை வைத்து ஸ்கிப்பிங் கயிறு பிடிக்க முடியவில்லை என்று சொன்னால், அடுத்த வாரம் அதற்கென்றே ஒரு நுனி செய்து தரலாம். எது வேண்டும் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்பதற்கு அர்த்தம் வருவதே, கேட்டதைத் திரும்பச் செய்துதர முடிகிறபோதுதான்.

என்ன, பேச்சு சுவாரசியத்தில் நூலை ரொம்ப இழுத்துவிட்டீர்களா? நடு வெட்டில் கிழிந்துவிட்டது. வெட்டு கொஞ்சம் ஆழம் அதிகம், அதனால்தான். பரவாயில்லை, பக்கத்துக் கடையில் இன்னொரு ஸ்ட்ரா வாங்கிவருகிறேன். நீங்கள் நூலை அவிழ்த்து வையுங்கள்.