பூச்சியப் பாகையில் ஒரு புள்ளி

ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், கினி வளைகுடாவிலே, உலகப் படத்தின் கணக்கெல்லாம் தொடங்கும் ஓரிடம் உண்டு. அங்கே தீவு இல்லை, பாறையும் இல்லை. ஏறத்தாழ 5 கிலோமீற்றர் ஆழமுள்ள நீரே உண்டு. அங்கிருந்து நேர் வடக்கே கப்பல் செலுத்துவோர் 600 கிலோமீற்றருக்கு மேல் சென்ற பின்னரே கானா நாட்டின் தேமாத் துறைமுகத்தை அடைவர். அகலக்கோடு பூச்சியம், நெடுங்கோடு பூச்சியம் என்பதே அவ்விடத்தின் முகவரி.

அங்கே சந்திக்கும் கோடுகள் இரண்டும் ஒரே தன்மையன அல்ல. மத்தியகோடு இயற்கை தந்தது. பூமி தன் அச்சிலே சுழல்வதால் இரு முனைகள் அமைகின்றன; இரண்டுக்கும் சமதூரத்தில் ஓடும் வட்டம் ஒன்றே. எந்த நாட்டார் கணித்தாலும் அதனை வேறிடத்தில் வைத்தல் இயலாது. நெடுங்கோடுகளோ முனைக்கு முனை ஓடி, ஒன்றுக்கொன்று நிகராய் இருப்பன. அவற்றுள் எது முதலாவது என்பதை இயற்கை சொல்வதில்லை; மனிதரே தீர்மானித்தல் வேண்டும்.

பண்டை இந்திய வானநூலார் உச்சயினி நகரின் வழியே செல்லும் கோட்டை முதலாவதாகக் கொண்டனர். அது மத்தியகோட்டைச் சந்திக்கும் இடத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘இலங்கை’ என்பதை நேயர்கள் வியப்புடன் கேட்பர். 499ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஆரியபடர், அவ்விலங்கைக்கு வடக்கே பூமியின் சுற்றளவில் பதினாறில் ஒரு பங்கு தூரத்தில் உச்சயினி உள்ளது என்றார். அது 22.5 பாகையாகும், இக்கால அளவீடோ 23 பாகைக்குச் சற்று மேல். ஆயினும் அக்கணக்கு குறிக்கும் இடம் இன்றைய இலங்கைத் தீவில் இல்லை. இத்தீவு மத்தியகோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 6 பாகை முதல் 10 பாகை வரையிலும், உச்சயினிக் கோட்டுக்குக் கிழக்கேயும் அமைந்துள்ளது. வானநூலாரின் இலங்கை மாலைதீவுகளுக்குக் கிழக்கே, திறந்த சமுத்திரத்திலே விழுகின்றது.

பிற்காலத்தில் நாட்டுக்கொரு முதற்கோடு இருந்தமையால் இடர் விளைந்தது. பாரிசிலிருந்து எண்ணிய படத்தைக் கிறீனிச்சிலிருந்து எண்ணியதாக ஒரு மாலுமி கருதிவிட்டால், மத்தியகோட்டருகே அவன் கப்பலின் இடம் 250 கிலோமீற்றருக்கு மேல் பிழைபடும். இக்குழப்பத்தைத் தீர்க்க 1884ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் வாசிங்டன் நகரிலே 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். உலகக் கப்பற் போக்குவரத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கிறீனிச்சுப் படங்களையே பயன்படுத்தி வந்தது. ஆகவே 22 நாடுகள் கிறீனிச்சை ஏற்றன. சான் டொமிங்கோ எதிர்த்தது. பிரான்சும் பிறேசிலும் வாக்களிக்கவில்லை. பிரான்சு 1911இல் கிறீனிச்சு நேரத்துக்கு மாறியபோதும் சட்டத்தில் அப்பெயரை எழுதவில்லை. பாரிசு நேரத்தில் 9 நிமிடம் 21 செக்கன் குறைத்த நேரம் என்றே எழுதிற்று.

கினி வளைகுடாவில் இப்புள்ளி அமைந்தது அத்தீர்மானத்தின் விளைவேயாகும். வாக்களிக்க மறுத்த அவ்விரு நாடுகளும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுடன் சேர்ந்து, 1997இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் வெப்பவலயத்தை ஆராயும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. அத்திட்டத்தின்கீழ், தாம் அன்று ஏற்காத கோட்டின் மீதே ஒரு மிதவையை நங்கூரமிட்டு நிறுத்திக் காற்றையும் நீரின் வெப்பத்தையும் அளந்தன.

கணினிகள் வந்த பின்னர் இவ்வெறுங்கடலுக்கு வேறொரு புகழும் உண்டாயிற்று. ஒரு பாடசாலையின் இருப்பிடத்தைப் பதிவோர் பாகைகளை எழுதாது விட்டால், சில கணினி நிரல்கள் அவ்வெற்றிடத்தைப் பூச்சியமெனக் கொள்கின்றன. உடனே பாடசாலை கினி வளைகுடாவிற் போய் நிற்கின்றது! இவ்வாறு வைத்தியசாலைகளும் வீதிகளும் அங்கே குவியக் கண்ட படவரைஞர், விளையாட்டாக அதற்கு ‘வெறுமைத் தீவு’ எனப் பொருள்படும் பெயரிட்டனர். பிழைகளை எளிதிற் பிடிப்பதற்காக, 2011இல் ஓர் இலவச உலகப் படத் தொகுதியிலே ஒரு சதுர மீற்றர் அளவான கற்பனைத் தீவாகவும் அதனை வரைந்து வைத்தனர்.

இது நகைப்புக்கு மட்டும் உரியதன்று. பரீட்சைக்கு வராத மாணவனும், பரீட்சை எழுதிப் பூச்சியம் பெற்ற மாணவனும் ஒருவரல்லர். முன்னவனைப் பற்றி நாம் ஒன்றும் அறியோம். பின்னவனைப் பற்றி ஒன்று திட்டமாக அறிவோம். புள்ளிப் பட்டியலில் இருவருக்கும் ஒரே குறியை இட்டால் வகுப்பின் சராசரியே பொய்யாகிவிடும். பெருமழையை அளந்த மானி பழுதுற்ற நாளில் ‘மழை பூச்சியம்’ என எழுதினால், வெள்ளத்துக்கு ஆயத்தம் செய்வோர் ஏமாறுவர். அறியாததை அறியாதது என்றே எழுதுதல் வேண்டும். பூச்சியம் என்பது அளந்து கண்ட ஓர் எண். வெற்றிடமோ இன்னும் அளக்கவில்லை என்பதன் அடையாளம்.