பக்கவிளைவு முன்னே, பலன் பின்னே

பள்ளி விடுமுறையில் ஒருநாள் முன்னாள் மாணவர் ஒருவரின் தாயார் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். மகனுக்குக் குரோன் நோய். பல மாதங்களாக வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. உடல் பாதியாக இளைத்துவிட்டது. மருத்துவமனையில் அசாதயோபிரின் என்ற மாத்திரையைத் தொடங்கியிருந்தார்கள். நான்காம் நாளே குமட்டல் ஆரம்பித்தது. சோற்றுத் தட்டைப் பார்த்தாலே எழுந்து ஓடுகிறானாம். மாத்திரையை நிறுத்தி ஒன்பது நாளாகிவிட்டது. மருத்துவருக்குத் தெரியாது.

“சார், நோய்க்கு மருந்து கொடுத்தார்களா, மருந்து என்று இன்னொரு நோயைக் கொடுத்தார்களா?” என்று கேட்டார்.

நான் மருத்துவன் இல்லை, அறிவியல் ஆசிரியன். “இன்றே மருத்துவமனைக்கு அழைத்து, நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள்” என்று மட்டும் அவரிடம் சொன்னேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான விடை அந்த மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

சொந்த வீட்டைத் தாக்கும் காவலர்கள்

1932ஆம் ஆண்டு நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோனும் அவருடைய சக மருத்துவர்கள் இருவரும் இந்நோயை விவரித்துக் கட்டுரை எழுதினர். அதனால் அவர் பெயரே நோய்க்கும் நிலைத்தது. கிருமிகளோடு போராட வேண்டிய வெள்ளணுக்கள் குடலின் சுவரையே விடாமல் தாக்குகின்றன. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் இது வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். அழற்சி நீடித்தால் குடல் சுருங்கும், புண்கள் ஆழமாகும், சிலருக்கு அறுவைச் சிகிச்சை வரை போகும். அந்தத் தாக்குதலைத் தணிப்பதற்காகத்தான் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து தரப்படுகிறது.

மருந்து போடும் வேடம்

அமெரிக்க அறிவியலாளர்களான கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1950களில் உருவாக்கிய மருந்து அசாதயோபிரின். இருவரும் 1988ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அவர்களின் யோசனை எளிமையானது. ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டிஎன்ஏவைப் பிரதி எடுக்க வேண்டும். டிஎன்ஏவில் உள்ள நான்கு ‘எழுத்து’களில் இரண்டு பியூரின் வகையைச் சேர்ந்தவை. பியூரின் போலவே தோற்றமளிக்கும் போலி எழுத்து ஒன்றை உள்ளே அனுப்பினால் பிரதி பிழையாகும், அணு பெருகாது. அசாதயோபிரின் உடலுக்குள் சென்று இத்தகைய போலி எழுத்தாகத்தான் மாறுகிறது. வேகமாகப் பெருகும் வெள்ளணுக்களை இது முதலில் பாதிக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருந்து புதிய அணுக்கள் பெருகுவதைத் தடுக்கிறதே தவிர, ஏற்கெனவே குடலில் கூடியிருக்கும் வெள்ளணுக்களை ஒரே நாளில் விரட்டுவதில்லை. அதனால் முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை அழற்சியை அடக்கப் பலருக்கு பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்த்துத் தரப்படுகிறது. பக்கவிளைவுகளோ முதல் சில வாரங்களிலேயே வந்துவிடுகின்றன. பலன் இன்னும் தெரியாத, தொல்லை மட்டுமே தெரிகிற இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையைக் கைவிடுகிறார்கள்.

சமாளிக்கக்கூடியவை

குமட்டல், பசியின்மை, அசதி ஆகியவை தொடக்கத்தில் பரவலாக வருபவை. பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். வெறும் வயிற்றில் விழுங்காமல் உணவுக்குப் பின் எடுப்பது, இரவில் படுக்கும் முன் எடுப்பது, ஒருநாள் அளவை இருவேளையாகப் பிரிப்பது எனப் பல வழிகள் உண்டு. எது தமக்குப் பொருந்தும் என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பலருக்கு மருந்தைச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். முழு அளவு வழக்கமாக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 120 முதல் 150 மில்லிகிராம் ஆகும். அசாதயோபிரின் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அதன் உறவுக்கார மருந்தான மெர்காப்டோபியூரின் ஒத்துக்கொள்வதும் உண்டு. ஆக, குமட்டல் வந்துவிட்டதாலேயே எல்லா வழியும் அடைபட்டுவிடுவதில்லை.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை

சில அறிகுறிகளை ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று விடக்கூடாது. மேல் வயிற்றில் கடுமையான வலி, அது முதுகுக்குப் பரவுதல், ஓயாத வாந்தி ஆகியவை கணைய அழற்சியைக் காட்டலாம். இது பெரும்பாலும் முதல் மாதத்திற்குள் வருவது. வந்தால் மருந்தை நிறுத்தவே வேண்டும். கண்ணும் தோலும் மஞ்சளானால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். காய்ச்சல், தொண்டைப்புண், வாய்ப்புண், காரணமில்லாத இரத்தக்கட்டு, ஈறில் இரத்தம் ஆகியவை எலும்பு மஜ்ஜை தளர்வதன் அடையாளமாக இருக்கலாம்.

நம் ஊரில் காய்ச்சல் என்றால் இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவோம். இந்த மருந்தை உட்கொள்பவர் அப்படிச் செய்யக்கூடாது. டிங்கிக் காய்ச்சலும் வெள்ளணுக்களையும் தட்டணுக்களையும் குறைக்கும். இந்த மருந்தும் குறைக்கக்கூடும். எது காரணம் என்பதை வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. அன்றே இரத்தம் சோதிக்க வேண்டும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் மருந்தின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இரத்தப் பரிசோதனை ஏன்?

வெள்ளணுக்கள் குறைவது உடலுக்கு உடனே தெரியாது. வலிக்காது, குமட்டாது. ஆகவேதான் முதல் சில வாரங்களில் அடிக்கடியும், பிறகு ஏறக்குறைய மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் இரத்தம் எடுக்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது.

இதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. டிபிஎம்டி என்ற நொதி குறைவாக உள்ளவர்களின் உடலில் மருந்தின் வீரியம் அளவுக்கு மீறிச் சேரும். ஆனால் ஆசியர் பலருக்கு இந்த நொதி சரியாக இருந்தும் வெள்ளணுக்கள் சரிந்தன. 2014ஆம் ஆண்டு கொரிய ஆய்வாளர்கள் அதற்குரிய மரபணுவை அடையாளம் கண்டனர். அதன் பெயர் என்யூடிடி15. இதில் ஏற்படும் மாற்றம் ஐரோப்பியரிடம் அரிது; கிழக்காசியரிடம் அதிகம்; தெற்காசியரிடமும் காணப்படுகிறது. இந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் கேட்கலாம். மரபணு சரியாக இருந்தாலும் இரத்தப் பரிசோதனையை விட முடியாது.

வீட்டில் உள்ள மற்ற மருந்துகள்

கவுட் எனும் மூட்டுவலிக்குத் தரப்படும் அலோபியூரினால், அசாதயோபிரினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடும். இரண்டையும் வழக்கமான அளவில் சேர்த்து எடுத்தால் எலும்பு மஜ்ஜை ஆபத்தான அளவுக்கு ஒடுங்கும். நாட்டு மருந்து, மூலிகைப் பொடி எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும். சின்னம்மை, தட்டம்மை போன்றவற்றுக்கான உயிருள்ள தடுப்பூசிகளைப் பொதுவாக இக்காலத்தில் போடுவதில்லை; சளிக்காய்ச்சல் ஊசி அந்த வகையல்ல, அதைப் போட்டுக்கொள்ளலாம். நீண்ட காலம் உட்கொள்பவர்களுக்குத் தோல் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றின் வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது. ஆகவே வெயிலில் போகும்போது நீளக்கைச் சட்டை, தொப்பி, சூரியத் தடுப்புக் களிம்பு தேவை.

அந்தத் தாயார் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் பேசினார். யாரும் கடிந்துகொள்ளவில்லை. குறைந்த அளவில், இரவு உணவுக்குப் பின் மீண்டும் தொடங்கச் சொன்னார்கள். நிறுத்தியதை மட்டும் மறைத்திருந்தால், மருந்து போதவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டியிருக்கக்கூடும். உட்கொள்ளாத மருந்தின் அளவைக் கூட்டிவிட்டு, பிறகு ஒருநாள் அதை முழுதாக உட்கொண்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

குமட்டல் மூன்றாம் வாரத்தில் குறைந்தது என்றார். நான்காம் மாதம் அந்த மாணவரே அழைத்தார். “சார், ரெண்டு கிலோ ஏறியிருக்கேன்” என்றார்.