எலுமிச்சைச் சர்பத்: வீட்டில் தயாரிக்கும் முறையும் கவனிக்க வேண்டியவையும்

சேலத்து வெயிலிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடையும்போது குளிர்ச்சியால் தாக உணர்வு குறைகிறது. ஆனால் உடலுக்கு நீர் தேவைப்படுவது நின்றுவிடுவதில்லை. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் உழைப்போரும், முதியோரும், பயணம் செய்வோரும் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது நீர் அருந்த வேண்டும். வெறும் நீரை விரும்பாதவர்களுக்கு எலுமிச்சைச் சர்பத் உதவும். ‘சர்பத்’ என்னும் சொல் பாரசீக மொழியின் வழியே நம்மிடம் வந்தது. ஈரானில் இப்பானத்தில் புதினாவும் பன்னீரும் சேர்ப்பதுண்டு.

தேவையான பொருட்கள் (4 பேருக்கு)

• கொதிக்க வைத்த குடிநீர் – 800 மி.லி.
• எலுமிச்சம்பழம் – 2
• சர்க்கரை – 4 தேக்கரண்டி
• புதினா இலை – 10 முதல் 15
• உணவுக்கு உகந்த பன்னீர் – 1 தேக்கரண்டி (விரும்பினால்). முகத்தில் பூசுவதற்காக விற்கப்படும் பன்னீரைப் பயன்படுத்தக் கூடாது.

செய்முறை

1. சுனை நீர் தெளிவாகத் தோன்றினாலும் அதில் கிருமிகள் இருக்கலாம். ஏற்காட்டின் உயரத்தில் நீர் சுமார் 95 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும். கிருமிகளை அழிக்க இவ்வெப்பம் போதுமானது. நீர் தளதளவெனக் கொதித்த பின் மேலும் 1 நிமிடம் அடுப்பில் வைக்கவும்.
2. சூடு தணிந்து வெதுவெதுப்பாக இருக்கும்போது சர்க்கரையைக் கரைத்து, கழுவிக் கசக்கிய புதினாவைச் சேர்த்து மூடி வைக்கவும்.
3. முழுவதும் ஆறிய பின் வடிகட்டி, எலுமிச்சைச் சாற்றையும் பன்னீரையும் கலக்கவும். வெப்பத்தால் வைட்டமின் சி குறையும் என்பதால் சாற்றைக் கடைசியில் சேர்ப்பதே நல்லது.

எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தைப் பயன்படுத்தவும். செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களுடன் எலுமிச்சையின் அமிலம் வினைபுரியும். எந்த நீரில் உறைந்தது எனத் தெரியாத பனிக்கட்டியைத் தவிர்க்கவும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

• நீரிழிவு நோயாளிகள்: சர்க்கரை சேர்க்காமல் பருகவும். வெல்லமும் தேனும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும்.
• உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள்: உப்பு சேர்க்க வேண்டாம்.
• நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகள்: மருத்துவர் கூறிய நாளளவில் இதனையும் கணக்கிடவும்.
• நெஞ்செரிச்சல், வாய்ப்புண் உள்ளவர்கள்: தவிர்க்கவும்.
• 6 மாதத்திற்குட்பட்ட குழந்தைகள்: தாய்ப்பால் மட்டுமே போதும்.

பருகிய பின் வெறும் நீரால் வாய் கொப்பளிக்கவும். பல் எனாமல் தேய்வதைத் தவிர்க்க, அரை மணி நேரம் கழித்தே பல் துலக்கவும்.

வயிற்றுப்போக்கிற்கு இது மருந்தன்று

வயிற்றுப்போக்கின்போது நீருடன் உப்புகளும் உடலிலிருந்து வெளியேறுகின்றன. சர்பத் அவற்றை ஈடுசெய்யாது. சர்க்கரை மிகுந்தால் வயிற்றுப்போக்கு அதிகரிக்கவும் கூடும். ஆகவே ஓ.ஆர்.எஸ். கரைசலையே கொடுக்க வேண்டும். உறையில் குறிப்பிட்ட அளவு நீரில் முழு உறையையும் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தவும். அதில் எலுமிச்சையோ சர்க்கரையோ கலக்க வேண்டாம். ஒவ்வொரு முறை மலம் கழித்த பின்னும் 2 வயதிற்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., 2 முதல் 10 வயதினருக்கு 100 முதல் 200 மி.லி. சிறிது சிறிதாகப் புகட்டவும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• கண்கள் குழிந்திருத்தல், அழும்போது கண்ணீர் வராமை
• 6 மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழியாமை
• மயக்கம், சோர்ந்து உறங்குதல்
• அருந்த இயலாமை, அருந்தியதெல்லாம் வாந்தியாதல்
• மலத்தில் இரத்தம்

மலைக் கிராமங்களிலிருந்து மருத்துவமனையை அடைய நேரமாகலாம். எனவே அறிகுறி தென்பட்டவுடன் 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். நோயாளியால் விழுங்க முடிந்தால் வழி முழுவதும் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்து வரவும். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.